கடலின் நிறத்தை ஆராய்ந்த தமிழ் விஞ்ஞானி
சேர் சி. வி. இராமன் வரலாறு

கோணேசப் பெருமானை வழிபட்டுத் திரும்புவோர் சுவாமி மலையின் விளிம்பிலே சிறிது நேரம் நின்று கடலை நோக்கி இன்புறுவது வழக்கம். அங்ஙனம் நிற்கும்போது கண்ணுக்குப் புலனாகும் ஓர் உண்மையைப் பலர் பார்த்தும் பாராது செல்கின்றனர். மலையடிவாரத்தை நேர்கீழாக நோக்கினால் நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் பாறைகளும் தெளிவாகத் தோன்றும். பார்வையைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்லச் செல்ல நீரின் உட்புறம் மறைந்துகொண்டே போகும். தொடுவானத்தை அணுகும்போது கடல் கண்ணாடிபோலாகி வானத்தின் ஒளியையே நமக்குத் திருப்பியளிக்கும். கடல் ஒன்று, வேளை ஒன்று, நோக்கும் கண்ணும் ஒன்று. மாறியது பார்வையின் சாய்வு மாத்திரமே.

இதன் காரணத்தை நம் மாணவர் பௌதிகவியல் வகுப்பிலே கற்றிருப்பர். காற்றும் நீரும் ஒளி புகவிடும் ஊடகங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றினுட் புகும் எல்லையிலே ஒளி இரு கூறாகப் பிரிகின்றது. ஒரு கூறு தெறித்துத் திரும்புகின்றது. மற்றையது திசை மாறி உட்செல்கின்றது. முன்னையது தெறிப்பு, பின்னையது முறிவு. நீரின்மீது செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கே தெறிக்கும். எஞ்சியது உள்ளே சென்றுவிடும். ஒளிக்கதிர் செவ்வனுக்கு 80 பாகை சாய்ந்து விழுமாயின் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு வரையில் தெறிக்கும். சாய்வு இன்னும் மிகுந்தால் ஏறக்குறைய முழுவதுமே தெறித்துவிடும். முறிவின் பயனையோ நம் கரையோர மீனவர் ஏட்டுக்கல்வியின்றியே அறிவர். 12 அடி ஆழத்திற் கிடக்கும் பொருள் மேலிருந்து நோக்குவார்க்கு 9 அடி ஆழத்திலே கிடப்பதாகத் தோன்றும். ஆதலாற்றான் ஈட்டி எறிபவன் மீன் தோன்றும் இடத்திற்குக் கீழே குறி வைக்கின்றான்.

இந்த எல்லையை முன்னிட்டு ஒரு பழைய வினா உண்டு. கடலின் நீலம் கடலுக்கே உரியதா? அன்றி வானத்திடம் இரவல் பெற்றதா? பெரும் புகழ் வாய்ந்த ஆங்கில அறிஞர் றேலிப் பிரபு, ஆழ்கடலின் கருநீலம் வானத்தின் நீலம் நீர்ப்பரப்பிலே தெறித்துத் தோன்றுவதேயன்றி நீரின் நிறமன்று என்று கருதினார். வானத்தின் நீலத்தை விளக்கியவரே அவராதலால் அக்கருத்தை மறுக்கத் துணிந்தவர் அரியர். கையிலே ஒரு சிறு கருவியோடு கப்பலின் மேற்றளத்தில் நின்று அதனை மறுத்தவர் ஒரு தமிழர். அவருடைய வரலாற்றை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த திருவானைக்காவிலே பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எண்மர் பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். தந்தையார் 1892 இல் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றிற் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியராகச் சென்றமையால், இராமனும் கடலருகே வளரும் பேறு பெற்றார். வீட்டிலே நூல்கள் நிறைந்திருந்தன. வீணையின் ஒலியும் இருந்தது. பிற்காலத்தில் இவர் இசைக் கருவிகளின் பௌதிகத்தை ஆராய்ந்ததற்கு அவ்வீடே வித்திட்டது எனலாம்.

பதினோராம் வயதில் மெற்றிக்குலேசன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904 இற் கலைமாணிப் பட்டத் தேர்விலே முதல்வராகத் தேறிப் பொற்பதக்கம் பெற்றார். அறிவு மிக்க இளைஞர் மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்து செல்வது அக்கால வழக்கம். ஆனால், இவரைப் பரிசோதித்த வைத்தியர், மெலிந்த இவ்வுடம்பு அந்நாட்டுக் குளிரைத் தாங்காது எனக் கூறித் தடுத்துவிட்டார். அன்று இழப்பாகத் தோன்றிய அத்தடையே இவரைச் சொந்த நாட்டிலிருந்தே ஆராயும் விஞ்ஞானியாக ஆக்கியது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் கண்ணாடி அரியமொன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். மாணவர் யாவரும் செய்யும் பயிற்சியே அது. அரியத்தின் முகத்திலே மிகச் சாய்வாக விழுந்து தெறித்த ஒளியின் ஓரங்களில் இருண்டும் ஒளிர்ந்தும் சில பட்டைகள் தோன்றின. அவை இருபுறமும் ஒத்திராமையை இராமன் கண்டார். பிறர் கருவியின் குறையெனக் கருதிக் கடந்து செல்லக்கூடிய அதனை இவர் நின்று ஆராய்ந்தார். அந்த ஆய்வின் பயனாக எழுந்த கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனில் வெளியாகும் ‘பிலொசொபிக்கல் மகசீன்’ என்னும் ஏட்டிலே வெளிவந்தது. அப்போது இவருக்கு வயது பதினெட்டு. இவருடைய முதல் ஆராய்ச்சியே ஒளி கண்ணாடியின் எல்லையைச் சந்திக்கும் இடத்திலே தோன்றியமை கருதத்தக்கது.

உத்தியோகமும் ஆராய்ச்சியும்

1907 இல் முதுகலைப் பட்டம் பெற்று, நிதித்துறைப் போட்டித் தேர்விலும் முதலிடம் பெற்றார். அவ்வாண்டே உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிடுவது நம்மவரிடையே அரிதன்று. இராமன் அவ்வாறு செய்யவில்லை. பௌபசார் வீதியின் 210 ஆம் இலக்கக் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியப் பெருந்தகை 1876 இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் இருந்தது. ஆய்வுக்கூடம் இருந்தும் ஆராய்வார் இன்றிக் கிடந்த அவ்விடத்தை இராமன் தமதாக்கிக்கொண்டார். காலையில் அலுவலகத்திற்கு முன்னும், மாலையில் அலுவலகத்திற்குப் பின்னும் அங்கேயே உழைத்தார். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் ஆராய்ச்சி நின்றதில்லை.

அக்காலத்தில் இவர் மிகுதியும் ஆராய்ந்தது ஒலியியல். வீணை, தம்புரா ஆகியவற்றின் நரம்புகள் எவ்வாறு அதிர்கின்றன என்பதையும், மிருதங்கத்தின் தோலிலே பூசப்படும் கரிய சாந்து அதன் ஓசையை எவ்வாறு சுருதியோடு பொருந்தச் செய்கின்றது என்பதையும் இவர் விளக்கினார். ஏனைய நாட்டு முழவுகளில் இல்லாத இனிமை மிருதங்கத்தில் இருத்தற்குக் காரணம் நம் முன்னோரின் கைத்திறனே என்பது இவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக முன்னர் விளங்கிய சேர் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, 1917 இல் இவர் பாலித் பௌதிகப் பேராசிரியரானார். சம்பளமோ உத்தியோகத்திற் பெற்றதில் ஏறக்குறையப் பாதியே. அப்பதவிக்கு வருவோர் வெளிநாட்டிலே பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியும் இருந்தது. இராமன் அதன்பொருட்டு வெளிநாடு செல்ல இசைந்தாரல்லர். ஈற்றில் விதியே வளைந்தது. பொருளையும் அதிகாரத்தையும் விட்டு ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட இம்முடிவே இவர் வாழ்வின் திருப்பம்.

கப்பலிற் கிடைத்த விடை

1921 இல் ஒக்ஸ்போர்ட் நகரிலே நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டிற்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாகச் சென்றார். ஐரோப்பாவிற்கு முதன்முறையாக மேற்கொண்ட பயணம் அது. மத்தியதரைக் கடலின் நீலம் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அழகைக் கண்டு வியந்ததோடு அமையாது, றேலிப் பிரபுவின் கருத்தைச் சோதித்துப் பார்க்கவும் எண்ணினார்.

சோதிக்கும் வழியை ஒளியின் இயல்பே காட்டியது. நீர்ப்பரப்பிலே செவ்வனுக்கு ஏறக்குறைய 53 பாகை சாய்ந்து ஒளி விழும்போது, தெறித்த கதிரும் முறிந்த கதிரும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைகின்றன. அந்நிலையிலே தெறித்த ஒளியின் அதிர்வு முழுவதும் ஒரே திசையில், நீர்ப்பரப்பிற்குச் சமாந்தரமாக, அமைந்துவிடும். இதனை முனைவாக்கம் என்பர். இந்த உண்மையை 1815 இல் வகுத்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் புரூஸ்டர். அவ்வாறு முனைவாக்கப்பட்ட ஒளியை, கல்சைற்றுப் பளிங்காற் செய்த நிக்கல் அரியம் என்னும் சிறு கருவியினூடாக நோக்கித் தக்கவாறு திருப்பினால், அது முற்றாக மறைந்துவிடும்.

இராமனின் பையிலே இக்கருவி இருந்தது. கப்பலின் மேற்றளத்தில் நின்று, குறித்த சாய்விலே கடலை நோக்கி, அரியத்தைத் திருப்பினார். நீர்ப்பரப்பிலே தெறித்த வானொளி அகன்றது. கடலின் நீலம் இரவற்பொருளாயின் அதனோடு அந்நீலமும் அகன்றிருத்தல் வேண்டும். அகன்றதோ மேற்பரப்பின் பளபளப்பு மாத்திரமே. நீலம் முன்னிலும் செறிந்து ஒளிர்ந்தது. வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. கடலின் நிறம் மேற்பரப்பிலன்றி உள்ளிருந்து வருகின்றது.

தாயகம் திரும்பும் வழியில், நர்குண்டா என்னும் கப்பலிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. கப்பல் பம்பாயை அடைந்ததும் அங்கிருந்தே ‘நேச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டிற்கு இதுபற்றி எழுதியனுப்பினார். உள்ளே புகுந்த ஞாயிற்றொளியை நீரின் மூலக்கூறுகளே சிதறச் செய்கின்றன என்பதும், அச்சிதறலில் நீலப்பகுதி மேலோங்குகின்றது என்பதும் இவர் கொண்ட முடிபு. நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிவிடுவதும் இதனோடு சேர்ந்து கடலை நீலமாக்குகின்றது என்பது இன்று தெளிந்த உண்மை.

இவ்விளக்கத்தைக் கொண்டு நம் துறைமுகப் பகுதியை நோக்கினால் பல காட்சிகள் பொருளுடையனவாகின்றன. சுவாமி மலைக்கு அப்பால் ஆழம் மிக்க இடத்திலே, உட்புகுந்த ஒளியிற் சிதறிய நீலமே மீண்டு வருகின்றது, ஆகவே கருநீலம். நிலாவெளிக் கரையிலும் புறாத்தீவைச் சூழ்ந்தும் ஆழம் குறைந்த இடங்களிலே வெண்மணலும் பவளப்பாறையும் ஒளியை மேலே அனுப்புகின்றன. ஆகவே இளம்பச்சை கலந்த நீலம். மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவிலே சேறு கொணரும் மாரி காலத்தில் அங்கே கபில நிறம். வானம் மூன்றிடத்திற்கும் ஒன்றே. நிறம் வேறுபடுவது உள்ளிருப்பது வேறுபடுவதால்.

ஏழாண்டு உழைப்பு

மாநாட்டிலிருந்து திரும்பிய இராமன், ஒளிச்சிதறலையே தம் பெரும்பணியாகக் கொண்டார். 1922 இல் அதுபற்றித் தனிநூல் வெளியிட்டார். 1924 இல் இலண்டன் இறோயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. பல்வகைத் திரவங்களைத் தூய்மையாக்கி, அவற்றினூடே ஞாயிற்றொளியைச் செலுத்தி, பக்கங்களிற் சிதறும் ஒளியை மாணவர் ஆராய்ந்தனர். சிதறிய ஒளியிலே எதிர்பாராத நிறமொன்று மங்கலாகக் கலந்திருப்பதை இராமநாதன் 1923 இற் கண்டார். அது திரவத்தின் அழுக்கால் விளைந்ததெனச் சிலர் கருதினர். எத்துணை முறை தூய்மை செய்தும் அது அகலவில்லை. வேங்கடேசுவரன் கிளிசரினில் அதனையே தெளிவாகக் கண்டார்.

1928 தைமாதம் முதல் இராமனும் அவர் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் இரவுபகலாக இதனை ஆராய்ந்தனர். பெரிய தொலைநோக்கியின் வில்லையாற் குவித்த ஞாயிற்றொளியை ஊதா வடிகட்டியினூடே திரவத்துட் செலுத்தினர். ஊதாவை முற்றாகத் தடுக்கும் மற்றொரு வடிகட்டியினூடே சிதறலை நோக்கினர். நிறம் மாறாதிருப்பின் எதுவும் தோன்றலாகாது. ஆனால், மங்கிய ஒளி தோன்றியது. 1928 பெப்ரவரி 28 ஆம் நாள் திருசியமானியினூடே நோக்கியபோது, புகுந்த ஒளியினின்றும் வேறான புதிய பட்டை தனித்துப் பிரிந்து தெரிந்தது. மூலக்கூறு ஒளியினின்று சிறிது சத்தியைப் பெற்றுக்கொள்கின்றது, அல்லது சிறிது கொடுக்கின்றது; அதனால் ஒளியின் நிறம் மாறுகின்றது. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரியவாறு மாற்றுவதால், வெளிவந்த ஒளி அப்பொருளின் கையெழுத்துப்போல் அமைகின்றது. இதுவே இராமன் விளைவு.

அதேகாலத்தில் மொஸ்கோ நகரில் லான்ஸ்பேர்க், மண்டல்ஸ்தாம் என்னும் இருவரும் படிகக்கற்களில் இவ்விளைவைத் தனியே கண்டனர். எனினும் 1930 ஆம் ஆண்டு நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விஞ்ஞானத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் இவரே. அரசாங்கம் 1929 இலேயே சேர் பட்டம் அளித்திருந்தது.

பெங்களூர் வாழ்வு

1933 இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் இயக்குநராகச் சென்றார். 1934 இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நிறுவினார். நாகேந்திரநாத் என்னும் இளைஞரோடு சேர்ந்து, கேளா ஒலியலைகள் ஒளியைக் கோணச் செய்யும் முறையை விளக்கினார். 1948 இற் சொந்த முயற்சியாலே இராமன் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1954 இற் பாரதரத்தினம் என்னும் விருது கிடைத்தது.

முதுமையிலும் இவர் உள்ளம் கவர்ந்தவை ஒளி புகும் பொருள்களே. வைரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். நீரின் முறிவுச்சுட்டி 1.33, வைரத்தினதோ 2.42. ஆதலின் வைரத்துள்ளிருந்து வெளியேற முயலும் ஒளி, செவ்வனுக்கு 24½ பாகைக்கு மேற் சாய்ந்திருந்தால் எல்லையைக் கடக்கமாட்டாது முழுவதும் உள்ளேயே தெறித்துவிடும். நீருக்கு அந்த அவதிக்கோணம் ஏறக்குறைய 48½ பாகை. பட்டை தீட்டிய வைரம் சுடர்வதற்கு இம்முழுவுட்டெறிப்பே பெருங்காரணம். முத்தின் மினுமினுப்பையும் சிப்பியின் வானவில் நிறங்களையும் ஒபல் கல்லின் வண்ணங்களையும் இவர் ஆராய்ந்தார். நுண்ணிய படை மீது படையாய் அமைந்த எல்லைகள் பலவற்றிலே ஒளி தெறித்து ஒன்றோடொன்று கூடுவதால் முத்தும் சிப்பியும் நிறம் பெறுகின்றன.

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் முறையன்று. இராமன் கடுஞ்சொல்லர், தம் கருத்தே சரியெனச் சாதிப்பவர். பெங்களூரில் ஏற்பட்ட பிணக்குகளால் 1937 இல் இயக்குநர் பதவியைத் துறந்தார். பளிங்குகளின் அதிர்வுபற்றி மக்ஸ் போர்ன் என்னும் அறிஞரோடு நிகழ்ந்த நெடிய வாதத்தில் காலம் போர்ன் பக்கமே தீர்ப்பளித்தது. 1933 இல் கமலா பாகவத் என்னும் மாணவியைப் பெண்ணென்னும் காரணத்தாற் சேர்க்க மறுத்தார். அப்பெண்மணி விடாது வாதாடி இடம்பெற்று, பின்னர் கேம்பிரிட்ஜிலே கலாநிதிப் பட்டமும் பெற்றுச் சிறந்தார். இராமனிடம் வைரங்களை ஆராய்ந்த அன்னா மணி வானிலை ஆய்விலே பெயர் பொறித்தார். கடலின் மேற்பரப்பிலே மயங்காத இராமனும் மனிதரைப் பொறுத்தவரை ஒருகால் மேற்பரப்பிலே நின்றுவிட்டார் என்பதை மாணவர் மனங்கொள்ளுதல் நன்று.

1970 நவம்பர் 21 ஆம் நாள் பெங்களூரில் இவர் ஆவி பிரிந்தது. விழாவும் சின்னமும் வேண்டாது, தாம் அமைத்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டார்.

நமக்கு உரியது

இராமன் விளைவின் பயன் லேசர் ஒளி தோன்றிய பின் பன்மடங்கு பெருகியது. மருந்தின் தூய்மையைச் சோதிக்கவும், மணிக்கற்களின் உண்மை பொய்மையை அறியவும் அது உதவுகின்றது. கண்ணாடி இழைகளின் வழியே செய்தி செல்வதும் எல்லையிலே நிகழும் முழுவுட்டெறிப்பின் பயனே. நெடுந்தூரம் சென்று தளர்ந்த ஒளிக்கு அவ்விழையினுள்ளேயே வலிமையூட்ட இராமன் விளைவு பயன்படுகின்றது. இளமையில் இவர் தொடங்கிய ஆராய்ச்சியும் பிற்காலத்துக் கண்டுபிடிப்பும் ஒரு மெல்லிழையிலே சந்திக்கின்றமை வியப்பன்றோ? இந்தியாவில் 1987 முதல் பெப்ரவரி 28 ஆம் நாள் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

தமிழர்க்கு விஞ்ஞானம் அந்நியம் என்பாருக்கு ஈழத்திலும் விடை உண்டு. இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாய், பின் துறவியாய், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், பௌதிகமும் தமிழும் ஒருங்கே கற்ற அறிவைக்கொண்டு பழந்தமிழ் யாழினை ஆராய்ந்தார். அதன் பயனாகிய யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது. தமிழிலே கலைச்சொற்கள் ஆக்கும் பணியிலும் முன்னின்றார். இராமன் வீணை நரம்பை ஆராய்ந்தார். அடிகள் யாழ் நரம்பை ஆராய்ந்தார். இருவரும் தம் வீட்டுப் பொருளிலேயே உலகப் பொருளைக் கண்டவர்கள்.

நம் ஆய்வுக்கூடத்திற் கருவி போதாது என்று குறைப்படும் மாணவர் உளர். அக்குறை மெய்யே, பழைய மாணவர் அதனை நீக்க முன்வருதல் கடமை. ஆயினும், இராமன் றேலிப் பிரபுவை மறுத்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பளிங்கினால் என்பதை மறத்தலாகாது. இன்று அப்பளிங்கும் வேண்டுவதில்லை. வெயிலுக்கு அணியும் பொலரொயிட் கண்ணாடியொன்று போதும். வெயில் தெளிந்த ஒருநாள் டச்சுக் குடாக் கரையிலே, தொடுவானத்திற்கு 37 பாகை கீழே நீரை நோக்கி, அக்கண்ணாடியைக் கண்முன்னே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையிலே பளபளப்பு அகலும். நீரின் உட்புறம் திறக்கும். 1921 இல் இராமன் கண்டதை நீங்களும் காண்பீர்கள். கண்ட பின், ஏன் என்று கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கும் மாணவர் ஒருவரேனும் நம் கல்லூரியிலிருந்து எழுவாராயின், இவ்விழா மலர் அச்சேறியதன் பயன் முற்றும்.